பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார்: அசலை அறிவதும் வைத்துக் காப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்துப் பேஸ் கிட்டாரை 'விண்டேஜ்' என்று சொல்கிறார்கள்?

சட்டம் போட்டு வரையறுத்த காலம் எதுவும் கிடையாது. ஆனாலும் சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடுபவை 1951 முதல் 1970களின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டவை. ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரிலிருந்து பிரிசிஷன் பேஸ் என்னும் மாதிரியை 1951-இல் வெளியிட்டார். ஜாஸ் பேஸ் 1960-இல் வந்தது. ஃபெண்டர் நிறுவனத்தை சி.பி.எஸ். என்னும் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் 1965 ஜனவரியில் வாங்கியது. அதற்கு முன்பு செய்யப்பட்டவற்றுக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. அந்த மாதத்தோடு தரம் ஒரே நாளில் சரிந்துவிட்டது என்பதுபோலப் பேசுவது மிகை என்றே நான் நினைக்கிறேன். முன்பே வாங்கி வைத்த மரமும் பாகங்களும் அதே தொழிலாளர்கள் கையில் பல மாதங்கள் தொடர்ந்தன. ஆனால் சந்தை அந்தக் கோட்டை நம்புகிறது. ஆகவே 1965-ஐச் சேர்ந்த ஒரு பேஸை 1964-ஐச் சேர்ந்தது என்று காட்டும் ஆசை விற்பவருக்கு எப்போதும் இருக்கும். வாங்குபவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான்.

வரிசை எண்ணைப் பார்த்தால் ஆண்டு தெரிந்துவிடாதா?

ஏறத்தாழத் தெரியும், உறுதியாகத் தெரியாது. ஃபெண்டரின் தொடக்க கால பேஸ்களில் எண் தந்திகளை உடலில் தாங்கும் பிரிட்ஜின் தகட்டிலும், 1950களின் நடுவிலிருந்து கழுத்தை உடலோடு பிணைக்கும் பின்புற உலோகத் தகட்டிலும், 1976 முதல் தலைப்பகுதியிலும் இருக்கும். எண் பொறித்த தகடுகள் ஒரு பெட்டியில் கிடந்தன; வேலை செய்பவர் கைக்கு எது வந்ததோ அதைப் பொருத்தினார். எனவே அடுத்தடுத்த எண்கள் கொண்ட இரண்டு பேஸ்கள் மாதக்கணக்கில் இடைவெளி விட்டுச் செய்யப்பட்டிருக்கலாம். 'எல்' என்னும் எழுத்தில் தொடங்கும் எண்கள் 1962-இன் இறுதியிலிருந்து 1965 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. பெரிய 'எஃப்' எழுத்து பொறித்த தகடு அதற்குப் பின் வந்தது. இவ்வளவுதான் தகடு சொல்லும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தத் தகடு நான்கு திருகாணிகளால் மட்டுமே பிடிக்கப்பட்டது. ஐந்து நிமிடத்தில் கழற்றி வேறொன்றில் மாட்டக்கூடிய ஒரு பொருளை ஒரு கருவியின் பிறப்புச் சான்றாகக் கொள்ள முடியாது.

அப்படியானால் எதைத்தான் நம்புவது?

எந்த ஒன்றையும் தனியாக நம்பக் கூடாது. கழுத்தின் அடியில் உள்ள தேதி, குமிழ்களுக்கு அடியில் உள்ள பொட்டன்ஷியோமீட்டரின் குறியீடு, தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் பிக்கப்பின் அடித்தகடு, பூச்சு, திருகாணித் துளைகள், தலைப்பகுதியின் எழுத்துரு ஆகிய அனைத்தையும் தனித்தனியே கேட்டு, அவை ஒன்றோடொன்று முரண்படாமல் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வாங்குபவர் கண்ணில் படாது என்று நினைத்து ஆலையில் செய்யப்பட்ட இடங்களே பெரிய சாட்சிகள். போலி செய்பவரும் முன்பக்கத்தில் காட்டும் அக்கறையை அங்கே காட்டுவதில்லை.

கழுத்தைக் கழற்றிப் பார்த்தால் என்ன தெரியும்?

ஃபெண்டர் கழுத்தின் அடிமுனையில் 1962-இன் தொடக்கம் வரை பென்சிலால் தேதி எழுதினார்கள். அதன் பிறகு ரப்பர் முத்திரை வந்தது. '7 ஜூன் 63 ஏ' என்று முத்திரை இருந்தால், 7 என்பது ஜாஸ் பேஸைக் குறிக்கும் மாதிரி எண். அதைப் பலரும் மாதத்தின் ஏழாம் நாள் என்று தவறாகப் படிக்கிறார்கள். பிரிசிஷனுக்கு 5. அடுத்து மாதமும் ஆண்டும். கடைசி எழுத்து நட் பகுதியில் (விரற்பலகையின் மேல்முனையில் தந்திகள் தங்கும் இடம்) கழுத்தின் அகலம்: 'ஏ' என்றால் ஒன்றரை அங்குலம், 'பி' என்றால் ஒன்றே ஐந்து எட்டங்குலம், 'சி' என்றால் ஒன்றே முக்கால் அங்குலம். எழுத்து ஒன்றைச் சொல்லி அளவுகோல் வேறொன்றைச் சொன்னால் விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்தத் தேதி கழுத்து வடிக்கப்பட்ட காலத்தையே சொல்கிறது. கருவி முழுமையடைந்த நாள் இரண்டு மூன்று மாதங்கள் தள்ளி இருப்பது இயல்பு. தேதியே இல்லாத கழுத்துகளும் உண்டு. அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. மழித்துத் தேய்த்த தடம் இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும்.

கழுத்து அமரும் குழியையும் அப்போதே பாருங்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து, பூச்சுத் தெளிக்கும்போது உடலைப் பிடித்துக்கொள்ள அந்தக் குழியில் ஒரு குச்சியைத் திருகி வைத்தார்கள். குச்சி மறைத்த இடத்தில் பூச்சு படியாமல் மரம் ஒரு பட்டையாகத் தெரியும். அந்தக் காலத்து உடல் ஒன்றின் குழி முழுவதும் வழவழவென்று வண்ணம் பூசப்பட்டிருந்தால், உடல் பின்னாளில் மறுபடி பூசப்பட்டது என்று எண்ண இடமுண்டு.

பொட்டன்ஷியோமீட்டர் குறியீட்டை எப்படிப் படிப்பது?

ஒலியளவையும் தொனியையும் மாற்றும் குமிழ்களுக்கு அடியில் உள்ள உலோகக் கூட்டில் ஆறு அல்லது ஏழு இலக்க எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பாகத்தைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும்: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். ஏழு இலக்க எண்ணில் அடுத்த இரண்டும் ஆண்டு. கடைசி இரண்டும் வாரம். 304-6134 என்று இருந்தால், ஸ்டாக்போல் நிறுவனம் 1961-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் செய்தது. 1950களின் ஆறு இலக்க எண்களில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் இருக்கும்.

இந்தக் குறியீடு கீழெல்லையை மட்டுமே தரும்: அந்தப் பாகம் ஆலைக்கு வருவதற்கு முன்பு அந்தக் கருவி முடிந்திருக்க முடியாது. எவ்வளவு காலம் கழித்து முடிந்தது என்பதை அது சொல்லாது. 1966-இல் ஃபெண்டர் பெருமளவில் இவற்றை வாங்கிக் குவித்தது. அவை தீர்வதற்குச் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே 1968-இன் பேஸில் 1966-இன் குறியீடு இருப்பது சரியே. அதைக் காட்டி "இது 66" என்று விற்பவர் அறியாமல் சொல்கிறாரா, அறிந்தே சொல்கிறாரா என்பதை அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மாறாக, 1963 என்று சொல்லப்படும் பேஸில் 1964-இன் குறியீடு இருந்து, மின்கம்பிகளை ஒட்டும் அதன் சால்டரும் கைபடாததாகத் தெரிந்தால், அது 1963-ஐச் சேர்ந்ததல்ல. பாகம் மாற்றப்பட்டிருந்தால் சால்டர் காட்டிக்கொடுக்கும்: பழைய சால்டர் மங்கிச் சாம்பல் நிறமாக இருக்கும், புதியது பளபளக்கும், இருமுறை சூடேறிய இடத்தில் துணி உறையிட்ட மின்கம்பியின் நுனி கருகியிருக்கும்.

பூச்சு அசலா என்பதை எப்படிக் கண்டறிவது?

அதிக ஏமாற்று நடப்பது இங்கேதான். மறுபூச்சு செய்யப்பட்ட கருவியின் விலை அசல் பூச்சுடையதன் விலையில் ஏறத்தாழப் பாதி என்பது வணிகத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் ப்ளூ போன்ற சிறப்பு வண்ணங்கள் அந்தக் காலத்தில் ஐந்து விழுக்காடு கூடுதல் விலைக்குக் கிடைத்தன. இன்று அவற்றுக்கும் நடுவில் வெளிறி விளிம்பில் கருமையாகும் சாதாரண சன்பர்ஸ்ட் பூச்சுக்கும் இடையிலான விலை வேறுபாடு மிகப் பெரியது. உண்மையான பழைய சன்பர்ஸ்ட் உடலின் மேல் சிவப்பைத் தெளித்துச் 'சிறப்பு வண்ணம்' ஆக்கும் ஆசை அதனால் வருகிறது. சிக்கல் என்னவென்றால், ஆலையிலேயே சன்பர்ஸ்ட் மேல் சிறப்பு வண்ணம் தெளிக்கப்பட்டதும் உண்டு. அடியில் சன்பர்ஸ்ட் தெரிகிறது என்பதால் மட்டும் போலி என்றும் சொல்லிவிட முடியாது. உண்மை என்றும் சொல்லிவிட முடியாது.

அப்போது ஆணித் துளைகளைத் தேடுங்கள். ஏறத்தாழ 1964 வரை, பூசிய உடல் மேசையில் ஒட்டாமல் நிற்பதற்காக அதன் முகப்பில் சில சிறு ஆணிகளை அடித்து, காய்ந்தபின் பிடுங்கினார்கள். உடலின் முகப்பைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்டுக்கும் கட்டுப்பாட்டுத் தகட்டுக்கும் அடியில் அந்தத் துளைகள் மறைந்திருக்கும். ஆணி இருந்தபோதே வண்ணம் தெளிக்கப்பட்டதால் துளைக்குள் வண்ணம் இருக்காது. வெறும் மரம் தெரியும். மறுபூச்சு செய்தவர் துளையை அடைத்திருப்பார், அல்லது வண்ணம் உள்ளே இறங்கியிருக்கும். எத்தனையோ விலையுயர்ந்த கருவிகளின் கதை இந்த ஊசிமுனைத் துளைகளில்தான் முடிந்திருக்கிறது.

அடுத்தது நிழல். வெயிலும் விளக்கும் பல பத்தாண்டுகள் பட்ட பூச்சு, பிக்கார்டுக்கும் பிரிட்ஜ் மூடிக்கும் அடியில் மட்டும் புதுமை குன்றாமல் இருக்கும். சன்பர்ஸ்டின் சிவப்பு 1958, 1959 ஆண்டுகளில் பயன்படுத்திய சாயத்தில் மிக விரைவாக வெளுத்தது. அதனால் மூவண்ணப் பூச்சு இருவண்ணப் பூச்சாகத் தோன்றலாம். மறைந்திருந்த இடத்தில் சிவப்பு மிஞ்சியிருந்தால் ஐயம் தீர்ந்தது.

புற ஊதா விளக்கும் உதவும். மூப்படைந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (அந்தக் காலத்து மெல்லிய பூச்சு) அந்த ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பின்னாளில் தொட்டுப் பூசிய இடங்கள் அதே உடலில் வேறு நிறத் திட்டுகளாக நிற்கும். 1968 வாக்கில் ஃபெண்டர் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியதால், அதற்குப் பிந்தைய உடல்களில் இதே ஒளிர்வை எதிர்பார்க்கக் கூடாது. பூச்சின் மெல்லிய வெடிப்புக் கோடுகளைப் பொறுத்தவரை, குளிரும் சூடும் மாறி மாறி உண்டாக்கிய கோடுகள் ஒழுங்கற்று ஓடும். கத்தியால் கீறியவை நேராகவும் ஒரே இடைவெளியிலும் இருக்கும். குளிரூட்டி வெடிக்க வைக்கும் வழியும் உண்டு என்பதால், வெடிப்பு இருப்பதை மட்டும் பழமைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

பிக்கப்களையும் உலோகப் பாகங்களையும் எப்படிச் சோதிப்பது?

பிக்கப்பின் நார்ப்பலகை அடித்தகடு 1964-இன் தொடக்கம் வரை கறுப்பு, பிறகு சாம்பல். மல்டிமீட்டரில் ஜாஸ் பேஸ் பிக்கப் பொதுவாக ஏழு முதல் எட்டு கிலோஓம் வரையும், பிரிசிஷனின் பிளவு பிக்கப் பத்து, பதினொன்றை ஒட்டியும் காட்டும். எண் மிகவும் விலகினால் சுருள் அறுந்திருக்கலாம், அல்லது மறுபடி சுற்றப்பட்டிருக்கலாம்.

ஜாஸ் பேஸில் இன்னொரு நல்ல சோதனை உண்டு. 1960 முதல் 1962-இன் தொடக்கம் வரை ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக் குமிழ்கள் இருந்தன. பிறகே மூன்று குமிழ்கள் வந்தன. அந்த இரட்டைக் குமிழ்க் காலத்தில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி ஒலியடக்கி உடலில் திருகப்பட்டிருந்தது. ஒலியடக்கி தொலைந்திருக்கலாம், துளைகள் தொலையாது. இரட்டைக் குமிழ்த் தகடு மாட்டியிருந்தும் பிரிட்ஜ் மூடியின் கீழ் அந்தத் துளைகள் இல்லாவிட்டால், தகட்டின் வயதும் உடலின் வயதும் வேறு.

கட்டைவிரல் தாங்கி போன்ற சிறு பாகமும் பேசும். 1974 வரை அது மெல்லிய தந்திப் பக்கம் இருந்தது. பிறகே தடித்த தந்திப் பக்கம் மாறியது.

ஒரு பாகம் மாற்றப்பட்டிருந்தால் அது போலியா?

இல்லை. அறுபது ஆண்டுகள் வாசிக்கப்பட்ட கருவியில் நட், விரற்பலகையில் பதித்த ஃப்ரெட் கம்பி, தந்தியை இறுக்கும் ஒரு முறுக்காணி மாறியிருப்பது இயல்பு. மாற்றத்தை மறைத்து அசல் விலை கேட்பதில்தான் குற்றம் தொடங்குகிறது. கண்டறியக் கடினமானது முழுப் போலி அன்று. உண்மையான பழைய பாகங்களை வெவ்வேறு கருவிகளிலிருந்து எடுத்துச் சேர்த்த கலவைக் கருவி. ஒவ்வொரு பாகமும் தனித்தனியே சோதனையில் தேறும். அங்கே பொருத்தத்தைப் பார்க்க வேண்டும்: கழுத்துத் தகட்டின் அழுத்தத் தடம் உடலில் ஒன்றுதானா, திருகாணித் துளைகள் அடைத்துத் திரும்பத் துளைக்கப்பட்டவையா, கழுத்தின் தேய்மானமும் உடலின் தேய்மானமும் ஒரே மனிதரின் கைப்பழக்கத்தைக் காட்டுகின்றனவா?

1982 முதல் ஃபெண்டரே தன் பழைய மாதிரிகளை மீண்டும் வெளியிட்டது. அமெரிக்காவில் செய்தவற்றின் எண் 'வி' எழுத்தில் தொடங்கும். ஜப்பானில் செய்த தொடக்க காலக் கருவிகளில் 'ஜே.வி.' இருக்கும். அவை நல்ல கருவிகள். தகட்டை மாற்றிவிட்டால் மட்டும் வம்பு.

மற்ற நிறுவனங்களின் பேஸ்களுக்கும் இதே முறைதானா?

நெறி ஒன்றுதான், அடையாளங்கள் வேறு. ரிக்கன்பேக்கர் இதில் கருணை உள்ளது: 1961 முதல் 1986 வரை ஒலிபெருக்கியின் கம்பியைச் செருகும் ஜாக் தகட்டில் உள்ள முதல் எழுத்து ஆண்டையும் இரண்டாம் எழுத்து மாதத்தையும் குறிக்கும், 'ஏ' 1961-இல் தொடங்கி 'இசட்' 1986-இல் முடிகிறது. ஆனால் அதுவும் கழற்றக்கூடிய தகடுதான். கிப்சனோ பெரிய தலைவலி. 1960களில் அதே எண்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். எண்ணைக் கொண்டு எதையும் உறுதிசெய்ய முடியாது. 1963-இல் வந்த தண்டர்பேர்ட் போன்றவற்றில் தலைப்பகுதி முறிந்து ஒட்டப்படுவது மிகச் சாதாரணம். புற ஊதா விளக்கை முதலில் அந்த இடத்தில் பிடியுங்கள்.

புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஒருவர் வைத்திருந்தது என்கிறார்கள். நம்பலாமா?

கதை நன்றாக இருந்தால் இரு மடங்கு ஐயப்படுங்கள். அத்தகைய கருவியை உறுதிசெய்ய, அந்தக் கலைஞர் அதை வாசிக்கும் பழைய நிழற்படத்தில் உள்ள மரக்கோடுகள், கீறல்கள், தேய்மானம் ஆகியவை இந்தக் கருவியில் அதே இடத்தில் இருக்க வேண்டும். மரக்கோட்டை ஒருவராலும் படியெடுக்க முடியாது.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் 500/1 பேஸ் 1972-இல் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து திருடப்பட்டு, அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. அவரிடம் திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. அந்தக் கருவி 1964 வாக்கில் மறுபூச்சு செய்யப்பட்டு, இரு பிக்கப்களும் ஒரே மரச்சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தன. வேறெந்த 1961 ஹாஃப்னரிலும் இந்த மாற்றம் மதிப்பைக் குறைக்கும். இங்கே அதுவே அடையாளமாக நின்றது. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸும் அப்படித்தான்: ஒருமுறை துண்டு துண்டாக உடைந்து ஒட்டப்பட்டது, 1986-இல் திருடுபோனது, இருபது ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. ஒட்டிய முறிவுகள் அந்தக் கருவிக்குக் கைரேகை போன்றவை.

மோட்டவுன் இசைப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரிசிஷன், அவர் 1983-இல் இறப்பதற்குச் சற்று முன் திருடப்பட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. ஆகவே எந்தப் பழைய கருவியையும் வாங்குமுன் திருட்டுப் பட்டியல்களில் அதன் எண்ணைத் தேடுவதும், முந்தைய உரிமையாளர்களின் தொடர்ச்சியை எழுத்தில் கேட்பதும் கட்டாயம். நல்ல நம்பிக்கையில் வாங்கினேன் என்பது பல நாடுகளின் சட்டத்தில் திருட்டுப் பொருளுக்கு உரிமை தராது.

விற்பவர் கழுத்தைக் கழற்ற மறுக்கிறார். என்ன செய்வது?

மறுப்புக்கு நியாயமும் இருக்கலாம். கழற்றும் ஒவ்வொரு முறையும் மரத்தில் திருகாணியின் பிடி தளர்கிறது. அப்படியானால் முன்பு எடுத்த படங்களைக் கேளுங்கள், அல்லது இருவரும் ஏற்கும் கிட்டார்ச் சீரமைப்பாளர் முன்னிலையில் ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உடன்படாதவரிடம் அசல் விலையைக் கொடுக்க வேண்டாம். கலவைக் கருவிக்கான விலையைச் சொல்லிப் பாருங்கள்.

வாங்கிய பிறகு வாசிக்கலாமா? பழுது பார்க்கலாமா?

வாசிக்கத்தான் வேண்டும். பூட்டி வைத்த பேஸில் கழுத்து வளைவதை யாரும் கவனிப்பதில்லை. தேய்ந்த ஃப்ரெட்டுகளை நல்ல கைகளால் மாற்றுவது ஏற்கத்தக்கதே. ஆனால் விரற்பலகையை அதிகம் சீவிவிட்டால் மீட்க முடியாது. பழைய ஃபெண்டரில், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருப்பும் முனை கழுத்தின் அடிப்பக்கம் இருப்பதால், சிறு திருத்தத்துக்கும் கழுத்தைத் தளர்த்த வேண்டும். ஆகையால் ஒரே தடிமனுள்ள தந்திகளையே தொடர்ந்து பயன்படுத்தி, அந்தத் தேவையைக் குறைத்துக்கொள்வது நல்லது. மறுபூச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். பாதிப் பூச்சு உரிந்த அசல், அழகாகப் பூசிய மறுபூச்சைவிட மதிப்புள்ளது. மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும், உடைந்த திருகாணியையும்கூட, தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருங்கள்.

எப்படிச் சேமிப்பது?

ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக இருக்க வேண்டும். திடீர் மாற்றமே மரத்தையும் லாக்கரையும் பிளக்கிறது. தந்திகளை முற்றிலும் தளர்த்தி வைக்கக் கூடாது. ட்ரஸ் ராடின் இழுப்பு எதிர்ப்பின்றிக் கழுத்தைப் பின்னுக்கு வளைக்கும். 1960களின் ஆமையோட்டு வடிவ பிக்கார்டு பலவும் செல்லுலாய்டால் ஆனவை. காலப்போக்கில் சுருங்கித் திருகாணித் துளைகளில் வெடிக்கும், ஆவியை வெளியிட்டு அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். மூடிய பெட்டியில் ஆண்டுக்கணக்கில் விடாமல் அவ்வப்போது திறந்து காற்றாட விடுங்கள். சுருங்கிய பிக்கார்டை இழுத்துத் திருக வேண்டாம், வெடித்துவிடும்.

வேறொரு நாட்டுக்கு எடுத்துச் செல்லலாமா?

1960களின் தொடக்க, நடுப்பகுதி ஃபெண்டர்களின் ரோஸ்வுட் விரற்பலகை பல நேரம் பிரேசிலிய ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. எல்லை கடக்கச் சான்றிதழ் தேவை. 2019-இல் மற்ற ரோஸ்வுட் வகைகளால் ஆன முழுமையான இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தபோதும் பிரேசிலிய மரத்துக்கு அது பொருந்தவில்லை. 1992-க்கு முன் செய்யப்பட்டது என்பதைக் காட்டித் தனிச் சான்றிதழ் பெறலாம். அதற்குக் கருவியின் காலத்தை மெய்ப்பிக்கும் ஆவணங்கள் வேண்டும். பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே உங்கள் நாட்டின் சைட்டிஸ் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 1950களின் முழு மேப்பிள் கழுத்து உடையவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நிபுணரின் மதிப்பீட்டுச் சான்றிதழ் போதுமா?

சான்றிதழ் என்பது ஒருவர் ஒரு நாளில் கண்டதன் பதிவு. எவற்றைத் திறந்து பார்த்தார், எவற்றைப் பார்க்கவில்லை என்று எழுதாத சான்றிதழ் வெறும் தாள். அதனுடன் கழுத்தின் அடி, குழி, பொட்டன்ஷியோமீட்டர் குறியீடு, பிக்கப்பின் அடிப்பக்கம், ஆணித் துளைகள் ஆகியவற்றின் தெளிவான படங்களைக் கேட்டு வாங்கி, காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு படியையும் கருவி இல்லாத வேறோரிடத்தில் மற்றொரு படியையும் வையுங்கள். காப்பீட்டுத் தொகையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யும்போது அந்தப் படங்களையே காட்டினால், ஒவ்வொரு முறையும் கழுத்தைக் கழற்ற வேண்டிவராது.